சிபியுவுக்குப் பேஸ்ட்

திருச்சுழியில் எனக்கு பிளெக்ஸ் டிசைன் கடை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு என்று சுற்று வட்டாரத்தில் எது நடந்தாலும் தகவல் முதலில் எனக்கு வந்துவிடும். சாவு என்றால் மேகம், இரண்டு புறா, ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு. நரிக்குடி வரைக்கும் முக்கால்வாசிப் பேரை ஒரே மேகத்தில்தான் மேலே ஏற்றி அனுப்பியிருக்கிறேன். போனவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

என் மனைவி நெஞ்சுவலியில் திடீரென்று போனபோது எனக்கு அந்த மேகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் கருமாதிக்கு பிளெக்ஸ் வைத்தாக வேண்டும். அவளுடைய தம்பி பாலவனத்தத்துக்காரன், தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, அருப்புக்கோட்டையில குடுத்துருவோம். நீங்க எதுக்கு இதுல கெடந்து செரமப்படணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் செய்தவன், இவளைக் கொண்டுபோய் எவன் கையிலோ கொடுப்பேனா? அவள் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியுமா? அழகு என்று நினைத்து முகத்தைத் திருப்பிப் போட்டுவிடுவான். நான்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எங்கள் பக்கத்து வெயிலுக்கு மனுசன் புலம்புவதோடு சரி, கம்ப்யூட்டரின் சிபியு பெட்டி அப்படியே நின்றுவிடும். உள்ளே இருக்கும் ப்ராசஸர் ஓர் அளவுக்கு மேல் சூடானால் கருகிப் போகாமல் இருக்கத் தானாகவே அணைந்துகொள்ளும். ஒரு கல்யாண வீட்டில் எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் பிரித்துப் பெரிதாக்க ஆரம்பித்தேன். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் விறுவிறுவென்று ஏறியது. தொண்ணூறைத் தாண்டியதும் திரை கறுத்தது. ஆறவிட்டு மறுபடி போட்டேன், மறுபடி கறுத்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் பாதியில் போனது. ஒரு தடவை செத்தது போதாதா என்று பெட்டியைப் பார்த்துக் கத்திவிட்டேன். மச்சான் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். கரிசல் தூசி வழக்கம் போல இருந்தது, தட்டினேன். விசிறி சரியாகத்தான் சுற்றியது. பிறகு விசிறியையும் அதன் அடியில் இருக்கும் அலுமினியக் கட்டியையும் சேர்த்துத் தூக்கினேன். கட்டிக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை இருக்க வேண்டும், சூட்டை மேலே கடத்துவது அதுதான். அங்கே இருந்தது வெள்ளையாக, காய்ந்து, கம்மாய்த் தரை மாதிரி வெடித்துக் கிடந்தது. இடையில் லேசாக ஒரு நீலக் கோடு. முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டுப் பல் பேஸ்ட்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. முன்பு ஒருநாள் மெக்கானிக் போனில், "உள்ள பேஸ்ட் காஞ்சு போயிருக்கும்ணே. பேஸ்ட் போட்டாச் சூடு அடங்கிரும்" என்று சொன்னான். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அறிந்த வரையில் பேஸ்ட் என்றால் ஒரே பேஸ்ட்தான். நான் குமாரலிங்கபுரத்தில் பிளெக்ஸ் கட்டப் போயிருந்த நேரத்தில் கடையில் தானே பெட்டியைக் கழற்றிப் பல் பேஸ்டைப் போட்டிருக்கிறாள். நான் தூசி தட்டும்போதெல்லாம் கூட நின்று பார்த்தவள், அவளுக்கா தெரியாது?

அன்றைக்கு நான் கடைக்குத் திரும்பி வேலையை ஆரம்பித்ததும், "இப்பச் சூடு அடங்கிருச்சாங்க?" என்று கேட்டாள். நிஜமாகவே அடங்கியிருந்தது. ஈரம் இருக்கிற வரை பல் பேஸ்டும் வேலை செய்யும் போல. எல்லாம் நான் தூசி தட்டிய கைராசி என்று பீற்றிக்கொண்டேன். "ஆமா, பெரிய கைராசி. சாப்பிட வாங்க" என்று சிரித்தாள். சொல்லியிருந்தால் வீடே அதிரச் சிரித்திருப்போம்.

இப்போது நான் தனியாகச் சிரித்தேன், அப்படியே அழுகையாகிவிட்டது. மச்சான் குனிந்து முகர்ந்து பார்த்தான்.

"அக்கா போட்டதா மாமா?"

தலையை ஆட்டினேன். அவன் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சரியான பேஸ்ட் வாங்கி வந்தான். துணியை எடுத்து அவனே துடைக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன். அலுமினியத்தின் ஓரத்தில், கூடிப்போன பேஸ்டை அவள் விரலால் வழித்த தடம் இருந்தது. அதைத் துடைத்தால்தான் பெட்டி ஓடும். ஓடினால்தான் அவள் முகம் முழுதாக வரும். போனில் ஒரு படமாவது எடுத்து வைப்போமா என்று தோன்றியது. எடுத்து யாரிடம் காட்டிச் சிரிப்பது? துணியை நனைத்து நானே துடைத்தேன்.

புதுப் பேஸ்ட் போட்டு மூடினேன். எண் அறுபதுக்கு மேல் ஏறவில்லை. மூக்குத்தியைச் சரிபார்த்தேன், கன்னத்து மருவை அழிக்காமல் விட்டேன். மேகமும் வேண்டாம், புறாவும் வேண்டாம் என்று வெறும் வெள்ளையில் அவளை வைத்தேன். பெயருக்கு மேலே 'அமரர்' என்று அடித்தேன். அதை அடிக்கும்போதும், சேவ் கொடுக்கும்போதும் மூலையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தடவை சூடேறி நின்றுவிடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நிற்கவில்லை. சேவ் ஆகிவிட்டது.