டாஷ்போர்ட்டும் என்ரை வலது காலும்

"என்ரை மனிசிக்கு வலது காலிலை கல்லுக் கட்டி விட்டிருக்கு!"

போன மாசம், லண்டனிலை மிச்சம் எண்ட இடத்திலை மச்சாள் வீட்டுப் பிறந்தநாளிலை, வீடு நிறைஞ்ச சனத்துக்கு முன்னாலை என்ரை மனிசன் சொன்ன கதை இது. கையிலை மட்டன் ரோல். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். நான் சிரிக்கேல்லை.

விஷயம் இதுதான். நான் கலியாணங்களுக்கு மணவறை சோடிக்கிற தொழில் செய்யிறன். தூண், குத்துவிளக்கு, பூ வளைவு எல்லாம் ஏத்தித் திரிய ஒரு டீசல் பிக்கப் வாங்கினம். வார நாளிலை அவர் வேலைக்குக் கொண்டு போவார், சனி ஞாயிறு நான் ஓடுவன். அதின்ரை டாஷ்போர்ட்டிலை ஒரு நம்பர் எரியும் — ஒரு கலன் எண்ணெய்க்கு எத்தினை மைல் ஓடியிருக்கு எண்டு. அவர் ஓடினா நாப்பது. நான் ஓடினா முப்பத்தொண்டு.

அவ்வளவுதான்... தீர்ப்பு எழுதியாச்சு — நான் வலது காலாலை அக்சிலேட்டரைப் போட்டு மிதிக்கிறனாம்!

"மெஷினுக்கு உம்மோடை என்ன கோவம்? அதுக்கு நீரும் ஒண்டு, நானும் ஒண்டு" எண்டார். இவர் லண்டனுக்கு வர முன்னம் ஜேர்மனியிலை இருந்தவர். அங்கை மெஷின் பொய் சொல்லாதாம். வாகனப் பூசையண்டு ஐயர் ஸ்கிறீனிலை சந்தனம் வைக்கப் போக, "ஐயா, நம்பர் மறைஞ்சிடும்" எண்டு கையைப் பிடிச்சு மறிச்ச மனிசன்!

பிறந்தநாள் வீட்டிலை சிரிப்பு அடங்கினாப் பிறகு இன்னொண்டு சொன்னார். "எண்ணெய் மிச்சம் பிடிக்க வேணும். இனி மணவறை ஏத்தினா நான்தான் ஓடுறது."

எனக்கு வந்ததே கோவம்! தொழில் என்ரை. தூண் என்ரை. எந்தக் கலியாணத்துக்கு எப்ப போறதெண்டு இனி இவற்றை ஷிப்ட்டைப் பாத்தோ நான் முடிவெடுக்கிறது? நீங்களே சொல்லுங்கோ.

அடுத்த நாள் காலமை அவர் வேலைக்கு வெளிக்கிட, நானும் பக்கத்து சீற்றிலை ஏறி இருந்தன். "நீங்கள் எப்பிடி ஓடுறீங்கள் எண்டு படிக்கப் போறன்" எண்டன். மனிசனுக்கு வலு புளுகம், வாயெல்லாம் பல்.

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டிலை பஸ்ஸுக்குப் பின்னாலை ஊர்ந்தம். ஒவ்வொரு சிவப்பு லைட்டிலையும் நிண்டம். நம்பர் இருபத்திரண்டு. ஒருமாதிரி குரோய்டனும் தாண்டி மோட்டர்வேயிலை ஏறினதும்... மனிசன்ரை பெருவிரல் ஸ்டியரிங்கிலை ஒரு பட்டனை அமத்திச்சுது. இருபத்திரண்டு மாயம்! புதுசா ஒரு நம்பர் ஏறத் தொடங்கிச்சுது.

"என்ன அமத்தினீங்கள்?"

"ரீசெட். டிராஃபிக்கிலை ஓடினது கணக்கிலை வராதுதானே?"

வராதோ? அது டிராஃபிக்கெண்டு எண்ணெய்க்குத் தெரியுமோ? நான் அரை தொன் மணவறையை ஏத்திக்கொண்டு லைட்டுக்கு லைட் நிண்டு ஓடினது மட்டும் கணக்கு. இவர் வெறும் வாகனத்தோடை ஊர்ந்தது கணக்கில்லை. தனக்குத் தனக்கெண்டா சுளகும் படக்குப் படக்கெண்டுமாம்!

விட்டனோ? அண்டைக்கே டாங்க்கை விளிம்பு வரைக்கும் நிரப்பினம். "ஒரு கிழமைக்கு அந்தப் பட்டனிலை கை வைக்கக் கூடாது" எண்டன். அஞ்சு நாளும் அவர்தான் ஓடினது; வெள்ளி பின்னேரம் அதே பம்பிலை திரும்ப நிரப்பினம். பம்ப் லீற்றரிலை விக்குது, டாஷ்போர்ட் கலனிலை கதைக்குது — ஒருத்தரும் சரி பாக்கக் கூடாதெண்டே இப்பிடி வைச்சிருக்கிறாங்களோ? ஓடின மைலையும் ஊத்தின லீற்றரையும் ஃபோனிலை தட்டிப் பாத்தன். ஸ்கிறீன் முப்பத்துநாலு எண்டுது. பம்ப் சொன்னது முப்பது!

அப்ப ரீசெட் பண்ணாமலே அந்தச் சாமான் நாலு மைல் புளுகுது. என்ரையையும் பேந்து அதே மாதிரிப் பாத்தன். மறைக்கேல்லை, இருபத்தெட்டுத்தான். ஆனா நான் மணவறையோடை எல்லோ! இதை நம்பியோ என்ரை கால் சபையிலை சிரிப்பாய்ச் சிரிச்சது?

யோசிச்சுப் பாத்தா எங்கடை சனத்திலை முக்கால்வாசிப் பேரிட்டை இந்தப் பட்டன் இருக்கு. மூண்டு கடை வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுற அண்ணை, இழுத்து மூடின ரெண்டு கடையைச் சொல்லமாட்டார். மகன் டொக்டர் எண்டு சொல்லுற அக்கா, அவன் ரெண்டு தரம் பெயில் விட்டதைச் சொல்லமாட்டா. எல்லாரும் மோட்டர்வேயிலை ஏறினாப் பிறகுதான் எண்ணத் தொடங்குவினம். எண்ணட்டும், அது அவரவற்றை பாடு. ஆனா உங்கடை மோட்டர்வே நம்பரைக் கொண்டுவந்து மற்றவையின்ரை டிராஃபிக்கோடை வைச்சு அளந்தா, எனக்குப் பத்தி எரியும்.

சரி, மனிசன் என்ன சொன்னார்? நேற்று நான் பாத்திரம் கழுவேக்க பின்னாலை வந்து நிண்டு, "சரியப்பா... சொறி" எண்டு மெல்லமாய் மன்னிப்புக் கேட்டார்.

"ஏலாது" எண்டன். "கல்லுக் கட்டினது சபையிலை. அவிழ்க்கிறதும் சபையிலைதான்."

வாற மாசம் அதே மச்சாள் வாங்கின புது வீட்டிலை குடிபூரல். அதே சனம் வரும், மட்டன் ரோலும் இருக்கும். அது வரைக்கும் பிக்கப் திறப்பு என்ரை கைப்பையிலை; அது இல்லாமல் வண்டி அசையாது. குசினிக்குள்ளை சொன்ன சொறி கணக்கிலை வராதுதானே?