எங்கே போடட்டும் என்று கேட்டவர்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் இரண்டு தொழிற்சாலைகளுக்கிடையே கிரிக்கெட் பந்தயம். எங்கள் பந்துவீச்சாளன் எதிரணிக் கேப்டனின் விலாவில் வேண்டுமென்றே அடித்திருந்தான். எங்களுக்கு இன்னும் மூன்று ஓட்டம் தேவை; கடைசி ஆள் நான்.

அவர்களுடைய பந்துவீச்சாளர் நரைமீசைக்காரர். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் விரலை நக்கிக்கொள்வார். என்னிடம் நெருங்கி வந்தார்.

“உங்க ஆளு எங்க கேப்டனை அட்ச்சிட்டான். பதிலுக்கு ஒண்ணு போட்டே ஆவணும். எங்க போடட்டும், நீயே சொல்லு நைனா.”

“நான் கணக்கு எழுதற ஆளுண்ணே. இடது தொடையில மெதுவா போடுங்க.”

“சரி, பயப்படாத.”

தொடையைக் காத்துக்கொண்டு விலகி நின்றேன். பந்து நேராக வந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. தோற்றோம்.

“நோவலயே?” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. கடைசி நேரத்தில் மனமிரங்கினாரா, திட்டமிட்டே கேட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.