கரவனுக்குப் பந்தல் வாங்கப் போனது

பழைய பந்தல் துணியை எலி தின்றுவிட்டது. டென்மார்க்கில், விபோர்க் நகருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரர் தன் வைக்கோல் கொட்டிலில் எங்கள் கரவனை நிறுத்த இடம் கொடுத்திருந்தார். வருடக்கணக்காக அது அங்கேதான் கிடந்தது. மே மாதம் போய்க் கதவைத் திறந்து, கட்டிலுக்குக் கீழே இருந்த பையை இழுத்தோம். பூஞ்சணம் மணத்தது, எலிப்புழுக்கை மணத்தது. துணியை விரித்து உதறியதும் மூன்றாவதாக ஒரு மணம் வந்தது. பொரித்த எண்ணெய், பெருஞ்சீரகம். வடை மணம். இத்தனை வருடம் கழித்தும்.

"தோய்ச்சால் பாவிக்கலாம்," என்றார் என் கணவர்.

"தோய்ச்சால் ஓட்டைதான் மிஞ்சும்," என்றேன்.

எனக்கு வாய் நீளம். எல்லோரும் சொல்வார்கள். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும்போது அங்கேயிருக்கும் கிழவர்கள்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

கரவனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு அது. அதன் பக்கவாட்டில், மேல் விளிம்பில் ஒரு தவாளிப்பு ஓடும். துணியின் ஓரத்தை அதற்குள் கோத்து இழுத்து, மற்றப் பக்கத்தைக் கம்புகளில் நிறுத்தினால் வாசலுக்கு முன்னால் நிழல். டெனிஷ்காரர் இதில் ஏழெட்டு வகை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் முழநீளப் பெயர். நாங்கள் எல்லாவற்றையும் பந்தல் என்றுதான் சொல்வோம்.

இந்த வருடம் பந்தல் இல்லாமல் போக முடியாது. இவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்கிறார்கள். அதை உடம்பு தள்ளாமலிருக்கக் குடிக்கிற குளிசை தோலைக் கெடுக்குமாம், வெயில் படக் கூடாதாம், பட்டால் புற்றுநோய் வருமாம். டொக்டர் பெண்பிள்ளை இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம். அவளுக்கு எப்படி விளங்கும்? வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் நாங்கள் வெயிலைத்தானே தேடினோம். பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டுகிற மார்கழியில், யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, வராத வெயிலுக்காக முகத்தை நீட்டிக்கொண்டிருந்த மனுசர் இவர். இப்போது அவரை நிழலில் வைக்க நான் துணி வாங்க வேண்டும்.

டயலிசிஸ் காலத்தில் எங்கேயும் போகவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த மெசின். அதிலே படுத்துக்கொண்டு இவர் யோசித்ததெல்லாம் கரவனோடு காம்பிங் போவதைத்தான். கோயிலுக்குப் போக வேண்டும், ஊருக்குப் போக வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. "எல்லாம் சரிவந்தால் ஒருக்கா எல்லாரையும் கூப்பிட்டுப் பந்தல் போடுவம்," இதுதான் பேச்சு. நானும் ஓம் ஓம் என்று சொல்லிவைத்தேன். நோயாளியோடு யார் வாதாடுவது?

அந்தப் பேச்சு கடையில் வந்து நின்றது. நகரத்தின் விளிம்பில், பெரிய மண்டபம் மாதிரிக் கடை. உள்ளே உண்மையான புல் இல்லை, பச்சைக் கம்பளம் விரித்து, அதில் கரவன்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பந்தலுக்குக் கீழும் இரண்டு கதிரை, ஒரு மேசை, பிளாஸ்டிக் பூ. மனுசர் இல்லை. புதுத் துணி மழைச்சட்டை மாதிரி மணத்தது.

இவர் நேரே பெரியதற்குக் கீழே போய் நின்றார். சுற்றிவரச் சுவர், யன்னல், திரைச்சீலை. ஊரைக் கூப்பிட்டு ஒரு சாமத்தியவீடே செய்யலாம்.

"உது என்னத்துக்கு?" என்றேன்.

"பெரிசாய் இருந்தால்தான் ஆக்கள் இருக்கலாம்."

"ஆர் ஆக்கள்?"

"நீர் சும்மா இரும். ஆக்கள் வருவினம்."

"உதை ஆர் தூக்கி நிப்பாட்டுறது? உங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. என்ரை தோள்மூட்டைக் கேட்டனீங்களோ?"

என் தோள்மூட்டு போய்விட்டது. மற்றவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கியே போனது. அதைச் சொன்னால் யாரும் பதக்கம் தருவதில்லை.

பெரிய பந்தல் நிற்க ஆள் வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் முதல் பந்தல் பருத்தித் துணி, இரும்புக் கம்பு. இவர் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில் ஒரு டெனிஷ்காரர் தன் பழைய கரவனைத் தந்தபோது அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். கம்புகளில் எழுதியிருந்த இலக்கங்கள் அழிந்துபோயிருந்தன. எது மூலைக்கம்பு, எது நடுக்கம்பு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் யூலையில் தொழிற்சாலைகள் ஒன்றாகப் பூட்டப்படும். அதனால் அகதியாய் வந்த நமது ஆட்களுக்கெல்லாம் ஒரே கிழமைகளில் லீவு. ஊரில் சண்டை, போக முடியாது. வேறு நாட்டுக்குப் பறக்க வசதியில்லை. ஒரு குடும்பம் லிம்ஃபியோர்ட் என்ற கடற்கழியின் கரையில், கரவன் நிறுத்த வாடகைக்கு இடம் தருகிற ஒரு காம்பிங்கைக் கண்டுபிடிக்க, அடுத்த வருடம் எல்லோரும் அங்கேதான். வரிசையாகக் கரவன்கள். நாங்கள், தவம் அண்ணையும் றஞ்சி அக்காவும், பாலா அண்ணை குடும்பம், அதற்கப்பால் புரொண்பி நகரிலிருந்து வருகிறவர்கள்.

யாருடைய கார் உள்ளே வந்தாலும் மற்றவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழும்பி வருவார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆம்பிளைகள். ஆளுக்கொரு கம்பு, ஆளுக்கொரு அபிப்பிராயம். பாலா அண்ணை ஊரில் நில அளவைக் கந்தோரில் வேலை செய்தவர். அவர் கம்பைத் தொடமாட்டார். தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "தவம், உன்ரை பக்கம் சரிவு!" என்பார்.

"அண்ணை, சரிவு உங்கடை கண்ணிலை. வந்து பிடியுங்கோ!"

எதிர்ப்பக்கத்து டெனிஷ்காரர் கோப்பியும் கையுமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார். அவருக்கு அது தொலைக்காட்சி. அவருடைய மனுசி நாங்கள் வந்த அன்றைக்கே தன் உடுப்புக் கொடியைக் கழற்றி, கரவனுக்கு மற்றப் பக்கம் கட்டிவிடுவாள். நாங்கள் பொரிக்கிற மணம் உடுப்பில் பிடித்துவிடும் என்ற பயம். ஒரு சொல் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் கழற்றினாள். நானும் ஒவ்வொரு வருடமும் அடுப்பை அவள் பக்கமாகவே வைத்தேன்.

ஒருநாள் மதியம் காற்று எழும்பியது. ஃபியோர்டிலிருந்து நேரே வந்து பந்தலுக்குள் புகுந்து, துணி பலூன் மாதிரி ஊதி, முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. ஆளுக்கொரு கம்பில் தொங்கினார்கள். நான் சோற்றுப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். றஞ்சி அக்கா என்ன செய்தார் தெரியுமா? துணியின் கீழ்த்தொங்கலை இழுத்து, தரையில் விரித்து, அதன்மேல் சம்மணம் போட்டு இருந்துவிட்டார். நல்ல உடம்பு அவருக்கு.

"எல்லாரும் விடுங்கோ," என்றார். "நான் இருக்கிறன். இனி உது எங்கை போகும்?"

உண்மையிலேயே போகவில்லை. காற்று அடங்கும்வரை அவர் அங்கேயே இருந்து, நான் எறிந்து கொடுத்த வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என்ன, கடவுச்சீட்டு வந்தது. டெனிஷ் கடவுச்சீட்டு கையில் கிடைத்து, விசா தேவையில்லை என்று ஆனதும் நமது ஆட்களுக்கு லண்டன் தெரியத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வேண்டுமாம். கோயில் பக்கத்திலாம். கடையில் முருங்கைக்காய் கிடைக்குமாம். ஒரு வருடம் ஒரு கரவன் குறைந்தது, அடுத்த வருடம் இரண்டு. தவம் அண்ணை குடும்பம் போனபோது நான் சாமான் கட்டிக் கொடுக்கப் போகவில்லை. கோபம். அவர்கள் எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை, அதனால்தான் அதிகக் கோபம். எல்லோரும் போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று. யூலை லீவுக்கு வருவோம். பாலா அண்ணை மட்டும் எங்கேயும் போகவில்லை. இங்கேயே, கோப்பன்ஹேகன் ஆசுபத்திரியில் கண்ணை மூடினார்.

இவ்வளவும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்க, கடையில் வேலை செய்கிற பிள்ளை வந்தாள். இருபது வயதிருக்கும், மூக்கில் ஒரு வளையம். நான் எங்கள் நிலைமையைச் சொன்னேன். அவள் எங்களை ஒரு சின்னதுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில்லை. மேலே துணி, முன்னால் இரண்டு கம்பு, நாலு கயிறு. அதைக் கழற்றிவிட்டுத் திரும்பத் துணியைக் கோத்தாள், இழுத்தாள், கம்பை ஊன்றினாள். முடிந்தது.

"பார்த்தீர்களா, இதைத் தனியாக ஒரே ஆள் விரிக்கலாம்," என்றாள் சந்தோசமாக. "யாருடைய உதவியும் தேவையில்லை."

இவர் அவளைப் பார்க்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்தார். அங்கேயே, பச்சைக் கம்பளத்தில் நின்றுகொண்டு, லண்டனுக்கு அடித்தார். இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் சத்தமாகத்தான் போடுவார். கடை முழுக்கத் தமிழ் கேட்டது.

"தவம், நான் கடையிலை நிக்கிறன். பந்தல் வாங்கப்போறன். யூலையிலை வாறியளோ?"

"எடேய், நீ உயிரோடை இருக்கிறியோ!" தவம் அண்ணை சிரித்தார். "எப்பிடி மச்சான், புதுக் கிட்னி வேலை செய்யுதோ?"

"அது நல்லாய் வேலை செய்யுது. நீ வாறியோ, அதைச் சொல்லு. பெரிசு எடுக்கிறதோ சின்னன் எடுக்கிறதோ எண்டு யோசிக்கிறன்."

"பாப்பம் மச்சான். பேரப்பிள்ளையளை நாங்கள்தான் பாக்கிறம். றஞ்சிக்கும் முழங்கால் ஏலாது."

றஞ்சி அக்கா தொலைபேசியை வாங்கினார். "அவள் நிக்கிறாளோ பக்கத்திலை? எடி, நான் இப்ப மெலிஞ்சு போனன். என்னை நம்பிப் பந்தல் வாங்காதை, நானும் சேர்ந்து பறப்பன்."

நான் சிரித்தேன். இவரும் சிரித்தார். பிறகு இரண்டு பக்கமும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தொலைபேசியை வைத்தார்கள்.

அடுத்து மகனுக்கு அடித்தார். அவன் கோப்பன்ஹேகனில் இருக்கிறான். இவர் தமிழில் கேட்க, அவன் வழக்கம்போல டெனிஷில் பதில் சொன்னான். ஒரு சனிக்கிழமை மதியம் வருவானாம். படுக்க நிற்கமாட்டானாம். நல்ல பிள்ளைதான். டயலிசிஸ் காலத்தில் அடிக்கடி வந்தவன். ஆனால் காம்பிங் என்றால் அவனுக்கு ஈரச் சப்பாத்தும், எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக் காட்டியதும்தான் ஞாபகமாம். எனக்கு அதை ஒருபோதும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான், தொலைபேசியில், பெரிய விசயமில்லை என்பது மாதிரிச் சொன்னான். அடுப்பை யார் பக்கம் வைத்தேன் என்று பெருமையாகச் சொன்னேனே, அதன் மற்றப் பக்கம் இது.

இவர் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பெரிய பந்தலின் திரைச்சீலையைக் கையில் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு கடைப் பிள்ளையிடம் டெனிஷில் கேட்டார், "அந்தச் சின்னதற்குக் கீழே இரண்டு கதிரை கொள்ளுமா?"

"தாராளமாக," என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. என் தோள்மூட்டு வென்றது. சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். காரில் வரும்போது ஒன்றுமில்லாததற்கு அவரோடு சண்டை பிடித்தேன். வட்டச்சந்தியில் சரியாகத் திரும்பவில்லை என்று.

யூலையில் போனோம். அதே காம்பிங். இப்போது வாசலில் ஆளில்லை, ஒரு இலக்கத்தைத் தட்டினால் தடை தானாக எழும்புகிறது. நான் துணியைக் கோத்தேன், இழுத்தேன், கம்பை ஊன்றினேன். கடைப் பிள்ளை சொன்னது சரிதான், தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இவர் தொப்பியோடும் நீளக்கைச் சட்டையோடும் கரவனுக்குள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை மகன் வந்தான், நன்றாகச் சாப்பிட்டான், ஃபியோர்டில் குளித்தான், பின்னேரம் போனான்.

அவன் போனபிறகுதான் கவனித்தேன். இந்த நாட்டுக் கோடை மாலை வெயில் இறங்குவதேயில்லை, பக்கவாட்டாக வந்து கிடக்கும். பந்தலுக்குக் கீழே முழு வெயில், இவருடைய முகம்வரை. நிழல் பந்தலுக்குக் கீழே இல்லை. அது தள்ளி, பக்கத்து இடத்துப் புல்லில் கிடந்தது. அங்கே கரவன் இல்லை. அந்த இடத்துக்கான மின்சாரப் பெட்டியில் ஒரு வயரும் கொழுவியிருக்கவில்லை.

"உள்ளை வாங்கோ," என்றேன்.

"உள்ளை இருக்கிறதெண்டால் வீட்டிலையே இருந்திருப்பன்."

கதிரையைத் தூக்கிக்கொண்டு நிழல் கிடந்த இடத்துக்கு நடந்தார். அது தவம் அண்ணையின் இடம். புல் ஒரே மட்டமாக வளர்ந்திருந்தது, முளை அடித்த ஒரு ஓட்டைகூட இல்லை. நான் திட்டிக்கொண்டே என் கதிரையையும் கொண்டுபோனேன். வெயில் இன்னும் பதிந்தது, நிழல் இன்னும் நகர்ந்தது. இவர் எழும்பிக் கதிரையைத் தள்ளிப் போட்டார், நானும் போட்டேன். அடுத்த இடமும் வெறுமை. இன்னொரு தடவை நகர்ந்தபோது நாங்கள் பாலா அண்ணையின் இடத்தில் இருந்தோம். எங்கள் கரவன் தூரத்தில், யாரோ அந்நியர்களுடையது மாதிரித் தெரிந்தது.