நேற்றுப் போட்ட மாத்திரை

பிள்ளைகளா, சித்தப்பா தப்பு மேளம் அடிக்கும்போது நீங்கள் ஆடுவீர்கள். அப்பா நான் மட்டும் ஏன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, தெமோதரைப் பக்கம் நம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நடந்தது அது.

கொழும்பில் கடை வேலையிலிருந்த தம்பி லீவு போட்டு வந்திருந்தான். பனியில் தொய்ந்த மேளத்தைச் சருகுத் தீயில் காய்ச்சுவானே, அந்த வாசனை இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. அவன் அடித்தால் கிழவிகள்கூட லயத்து வரிசை வீடுகளின் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

கொழும்பில் தூக்கம் கெட்டு, கூட்டாளி கொடுத்த பெயரில்லாத மாத்திரையைத் தினமும் போடப் பழகியிருந்தான். "நேத்துப் போட்டது தூங்கி எழும்புனதும் போயிரும்ணே" என்பான். நானும் நம்பினேன்.

தேர் கிளம்பும் நேரம் அவன் கை தாளத்துக்குப் பின்தங்கியது.

"என்னா மாப்ள, நேத்து ஊத்துனது இன்னும் எறங்கலயா?" என்று கேலி செய்தார்கள். அவன் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. சிரிக்கப் பார்த்தான். மேளம் காய்ச்சக் குனிந்தவன் அப்படியே தீப் பக்கம் சரிந்தான். இழுத்துப் போட்டோம். மூச்சு விட்டு விட்டு வந்தது.

போதையை முறிக்க யாரோ புளிக்கப் புளிக்கத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து கொண்டுவந்தார்கள். நான் அவன் வாயைத் திறந்தேன். ஹாலிஎலயிலிருந்து ஆள் ஏற்றி வந்த வேன்காரர், முன்பின் தெரியாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்தாதீங்கண்ணே! மூச்சுக்கொழாய்க்குள்ள போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வேன எடுக்குறேன்."

பதுளை ஆஸ்பத்திரி வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "எங்க மச்சானுக்கு இப்புடித்தான் ஊத்துனோம்" என்று மட்டும் வழியில் சொன்னார். நான் தம்பியை ஒருக்களித்தபடியே பிடித்துக்கொண்டேன்.

தம்பி பிழைத்தான். டாக்டரம்மா விளக்கினார்: "தூக்க மருந்தக் கொஞ்சம் மாத்தி, யாரோ களவா செஞ்ச மாத்திரை இது. ஈரல் அத உடைக்கும். உடைஞ்சு வர்றதும் தூக்க மருந்தாவே இருக்கும். எல்லாம் வெளியேறப் பல நாள் ஆகும். அதுக்குள்ள தெனம் ஒன்னு போட்டா, மேல மேல சேருது." சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று அவனை அங்கேயே வைத்துக்கொண்டார்.

போய்விட்டது என்று நாம் நினைப்பதும், உடம்பை விட்டு அது போவதும் ஒன்றில்லை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

நான் மட்டும் தோட்டத்துக்குத் திரும்பினேன். மேளம் கோயிலடியில் கிடந்தது, தோல் தொய்ந்திருந்தது. சருகு கூட்டித் தீ மூட்டினேன். அவன் செய்வதுபோலவே அவசரப்படாமல் சுற்றிச் சுற்றிக் காய்ச்சி, விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, அவன் வந்து எடுக்கட்டும் என்று வீட்டுச் சுவர் ஆணியில் மாட்டிவைத்தேன்.