அவர் வாயாலேயே வரட்டும் என்று ஜெபித்தேன்

"அப்பா பொய் சொன்னது சர்ச்லயாம்மா, கோர்ட்லயா?"

என் மகள் பிளெஸ்ஸி இதைக் கேட்டு நான்கு மாதமாகிறது. அவளுக்கு ஆறு வயது. இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று உங்களிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எப்படிக் கேட்டார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிச் சாட்சி. இதை எழுதுவது சரியா என்றும் தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஜீவனஹள்ளியில் என் அம்மா வீட்டில் இருக்கிறோம். நான் பி.காம். படித்தவள், ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. என் கணவர் எட்வின் பீன்யாவில் சொந்தமாக மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறார். புது அபார்ட்மெண்டுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து மாட்டுவார்கள். பிளெஸ்ஸிக்கு மூன்று வயதானபோது எங்களை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டு, "ரெண்டு வாரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது வீட்டுக்கு வேறு பூட்டு போட்டிருந்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். இப்போதும் சில நாள் யோசிக்கிறேன்.

ஒரு வருஷம் காத்திருந்தேன். விசுவாசியாக இருந்துகொண்டு கோர்ட்டுக்குப் போகலாமா என்ற பயம். பிறகு குழந்தைக்காக மட்டும் ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டேன்.

சம்பளம் வாங்குகிறவர் என்றால் சம்பளச் சீட்டு இருக்கும். சொந்தத் தொழில் செய்கிறவருக்கு அவர் சொல்வதுதான் வருமானம். பட்டறை தன் அண்ணனுடையது, தான் அங்கே தினக்கூலிக்குப் போகிற ஹெல்பர், குழந்தைக்குக் கொடுக்கத் தனக்கு வசதியில்லை என்று எட்வின் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். கோர்ட்டுக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பில் வந்தார். கையில் வாட்ச் இல்லை. வாட்ச் கட்டும் இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அதைப் பார்த்தும், ஒருவேளை நிஜமாகவே நொடித்துப் போயிருப்பாரோ என்று நினைத்தவள் நான்.

அவருடைய வக்கீல் என்னைப் பார்த்து, "பி.காம். படிச்சிருக்கீங்க, வேலைக்குப் போறீங்க. ஒரு குழந்தைக்குச் சோறு போட முடியாதா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் மாமியார் போன் செய்தார். "என் புள்ள மரத்தூளைத் தின்னுகிட்டு கெடக்கான். உனக்குக் காசு வேணுமா? பெத்தவளே வளத்துக்க." நான் "சரிங்கத்தே" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஏன் சரி என்று சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பழக்கம்.

அந்த ஜூனில் என்னால் பிளெஸ்ஸிக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்குச் சேமிப்பெல்லாம் போய்விட்டது. ஃபீஸ் பாக்கி உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் வகுப்பில் விடவில்லை, லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். அது எனக்குத் தெரியாது. பிளெஸ்ஸி சந்தோஷமாக வந்து சொன்னாள். "அம்மா, என்னை லைப்ரரி லீடர் ஆக்கிட்டாங்க. நாள் பூரா நான் அங்கதான்." யார் அவளிடம் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "வெரி குட்" என்றேன். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த வாரம் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மூன்றாம் நாள் நான் ஜெபித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். "ஆண்டவரே, இவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று நிரூபிக்க என்னிடம் ஒரு சீட்டும் இல்லை. அவர் வாயாலேயே வரட்டும். எல்லாரும் கேட்கும்படி வரட்டும்." முதல் வரி விசுவாசம். கடைசி வரி கோபம். அப்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் எங்கள் சபைப் பெண்களின் ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் பாஸ்டரம்மா ஒரு வீடியோவை அனுப்பினார். "ஒரு சகோதரனின் சாட்சி. கேட்டு பெலப்படுங்கள்." யாரோ அவருக்கு அனுப்பியதை அப்படியே எங்களுக்கும் அனுப்பியிருந்தார். அவர் எட்வினைப் பார்த்ததே கிடையாது. ஆஸ்பத்திரியில் கன்னம் வீங்கிய ஒரு பெரியவருக்கு டோக்கன் எழுதிக்கொண்டே வீடியோவைத் தட்டினேன். குரலைக் கேட்டதும் பேனா நின்றுவிட்டது.

எட்வின் இப்போது போகிற சபை. வெள்ளைச் சட்டை, கையில் வாட்ச், மைக். "ஒரே ஒரு மெஷினோட ஆரம்பிச்சேன். இன்னைக்கு என் பட்டறையில எட்டுப் பேருக்குக் கர்த்தர் என் மூலமா வேலை கொடுத்திருக்கார்." எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். அடுத்து பட்டறையே வந்தது. பலகைக்கு ஓரம் ஒட்டுகிற பெரிய மெஷின் ஒன்று. அதன்மேல் பாஸ்டர் கை வைத்து எண்ணெய் பூசி ஜெபித்தார். எட்வின் கண்ணீரோடு முடித்தார். "எந்தக் குடும்ப பாரமும் இல்லாம கர்த்தர் என்னை விடுதலையாக்கினார்."

பெரியவர், "என்னம்மா, எனக்குப் பல்வலி, நீ அழுவுற?" என்றார்.

எங்கள் பாஸ்டரிடம் ஓடினேன். "வேணாம்மா. சபையில கர்த்தருக்கு முன்னாடி சொன்னதை கோர்ட்ல கொண்டுபோய்ப் போடாத. நாளைக்கு எவன் எழும்பி சாட்சி சொல்லுவான்?" என்றார். என் வக்கீல் மேடம் சிவாஜிநகர்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து படபடவென்று பேசுவார். "ஏனம்மா நீங்க! கேட்டது நீங்க, கொடுத்தது உங்க தேவரு, உங்க கடவுள். வந்த பார்சலை வாங்கமாட்டேன்னா எப்படி?" என்றார். இரண்டு நாள் இரண்டு பேர் சொன்னதையும் மாற்றி மாற்றி நினைத்தேன். மூன்றாம் நாள் காலை பிளெஸ்ஸி ஸ்கூல் பையில் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைக்கவில்லை. "லீடருக்குக் கணக்கு கிடையாதும்மா" என்றாள். வீடியோவை வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

வாய்தா அன்று அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிளெஸ்ஸியை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் கூட்டிப்போனேன். பின் பெஞ்சில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வெளியே உட்கார வைத்திருக்கலாம். அதை நினைக்காத நாளில்லை.

வீடியோவைப் போட்டார்கள். நீதிபதி அம்மா கன்னடக்காரர். மேடம் ஒவ்வொரு வரியாகக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி வரிக்கு அவர் வாயைத் திறக்குமுன் நீதிபதி கையைக் காட்டினார். பாரம் என்பது கன்னடத்திலும் பாரம்தானே. எட்வினைப் பார்த்து, "யாரு பாரா? மகுவா?" என்றார். யார் பாரம், குழந்தையா என்று கேட்டார்.

எட்வின் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "அது விசுவாச அறிக்கை, மேடம். இனிமே கிடைக்கப் போறதை இப்பவே கிடைச்சதா சொல்றது எங்க நம்பிக்கை."

"மெஷினும் நம்பிக்கைதானா?" என்று நீதிபதி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

நீதிபதி சிரிக்கவில்லை. அங்கே சொன்னது பொய்யா, இங்கே எழுதிக் கொடுத்தது பொய்யா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். எட்வின் தலை குனிந்தார். பிறகு தெளிவாகச் சொன்னார். "சர்ச்ல சொன்னதுதான் பொய்."

தன் பிள்ளைக்குச் சோறு போடாமல் இருப்பதற்காக, கர்த்தருக்கு முன்னால் சொன்னதைப் பொய் என்றார். நான் கேட்டபடியே அவர் வாயிலிருந்து வந்தது. எல்லாரும் கேட்டார்கள். பின் பெஞ்சில் இருந்தவளும் கேட்டாள்.

நீதிபதி அதை நம்பவில்லை. பேங்க் கணக்கை வரவழைத்தார். பட்டறை எட்வினுடையதுதான் என்று தெரிந்தது. மாதாமாதம் ஜீவனாம்சமும் பள்ளி ஃபீஸும் கொடுக்க உத்தரவானது.

அன்று திரும்பும்போது மெட்ரோ படியில் பிளெஸ்ஸி சோர்ந்து நின்றாள். தூக்கினேன். "இறக்கி விடும்மா. நான் பாரம்" என்றாள். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் ஒரு சகோதரி காய்ச்சலிலிருந்து சுகமானதைச் சாட்சியாகச் சொன்னார். பிளெஸ்ஸி என் காதில், "இவங்களும் பொய்யாம்மா?" என்றாள்.

பணம் வருகிறது. அவள் வகுப்பில் உட்காருகிறாள். லீடர் பதவி போய்விட்டதே என்று முதல் நாள் மட்டும் அழுதாள். ஞாயிறு சாயங்காலம் எட்வின் அவளுக்கு வீடியோ கால் செய்வார். அது நின்றுவிட்டது. கடைசியாகப் பேசியபோது, "உங்கம்மா என் சாட்சியை வித்துட்டா" என்று குழந்தையிடம் சொல்லி வைத்தார். இதைப் படித்துவிட்டு அவர் இன்னும் கோபப்படலாம்.

இருந்தாலும் நன்றி சொல்கிறேன். ஒரு சீட்டும் இல்லாமல் நின்ற எனக்குக் கர்த்தர் வழி திறந்தார். அதற்கு நானே சாட்சி. இப்போது நான் நிதானமாக ஜெபிக்கிறேன், சொல்லப்போகிற வார்த்தையை ஒரு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எட்வினுக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன், எல்லா நாளும் முடிவதில்லை. என்னைப் போல் கையில் ஆதாரமில்லாமல் அலைகிற தாய்மாரே, கேளுங்கள், அவர் கேட்கிறார். என்ன கேட்கிறோம் என்று மட்டும் பார்த்துக் கேளுங்கள்.

வருகிற ஸ்தோத்திர ஆராதனையில் நான் முன்னால் போய் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று பாஸ்டரம்மா கேட்கிறார். பிளெஸ்ஸி முன்வரிசையில் உட்காருவேன் என்கிறாள். கோர்ட்டில்தான் பொய் என்று சொன்னால், அவளுக்குக் கொடுக்காமல் இருக்க அப்பா பொய் சொன்னார் என்று ஆகும். சர்ச்சில் என்றால், மைக்கைப் பிடிக்கப்போகிற என்னையும் அவள் நம்பமாட்டாள். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது, ஆறு வயதுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் எழுதி அனுப்புங்கள். அவள் இதுவரை எங்கே என்றுதான் கேட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்பதற்குள் அனுப்புங்கள்.