ஆறு செங்கல் உயரக் கட்டில்

டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டில் கட்டிலில் ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் வேண்டும். ஏறிய பிறகு, ஃபேனை நிறுத்தாமல் யாரும் எழுந்து உட்காரக் கூடாது. கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் விரல் போய்விடும். சிரிக்காதீர்கள். அந்தக் கட்டிலில்தான் என் குடித்தனமே ஆரம்பமானது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமான கையோடு என் கணவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாகிவிட்டது. மத்திய அரசு அலுவலகத்தில் சின்ன உத்தியோகம். குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது கிடைக்கும்வரை இருக்கலாம் என்று ஒரே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம். ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. அதில் நான் நின்றால், அவர் வெளியே நின்றுகொண்டு உப்பு டப்பாவை நீட்டலாம், அவ்வளவுதான் இடம். அலமாரி வாங்கச் சம்பளம் போதாது. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரம்மா அனுமதி இல்லை.

இந்த அறைக்குத்தான் என் சீர்வரிசை மொத்தமும் ரயிலேறி வந்தது. நம் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள். அண்டா, தவலை, பித்தளைக் குடங்கள், இட்லிக் கொப்பரை, ஆள் உயரத்தில் பாதிக்கு வரும் குத்துவிளக்குகள், அரைத் தெருவுக்குச் சோறு வடிக்கிற வெண்கலப் பானை. எல்லாவற்றிலும் அப்பா தன் பெயரையும் என் பெயரையும் வெட்ட வைத்திருந்தார். "எம் பொண்ணு வெறுங்கையோட போனான்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது" என்பது அவர் பிடிவாதம். நானும் வாயைத் திறக்கவில்லை. பித்தளையைப் பார்த்தால் எனக்கும் பல்லெல்லாம் தெரியும். அண்டா அறைக்குள் நுழைந்ததும் நாங்கள் இருவரும் வெளியே வந்து நின்றோம்.

வழி சொன்னவர் வீட்டுக்காரம்மாதான். கீழ் வீட்டில் இருந்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரை மாஷிமா, அதாவது சித்தி, என்றே கூப்பிட்டோம். இருவருக்கும் பாதி தெரிந்த ஹிந்தியில்தான் பேச்சு. அவர் என்னைத் தன் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலின் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். கட்டில் கால்கள் நான்கும் செங்கல்மேல் நின்றன. அடியில் டிரங்குப் பெட்டிகள், அரிசி டின், ரஜாய்ப் போர்வை மூட்டை, ஹார்மோனியம். கல்கத்தாவில் எல்லா வீட்டிலும் இப்படித்தானாம். பாதிக் குடும்பம் கட்டிலுக்கு மேலே, மீதிக் குடும்பம் கீழே.

மாஷிமா வீட்டில் காலுக்கு இரண்டு செங்கல். எங்களுக்கு அது போதவில்லை. குடங்கள் மூன்றில் நுழைந்தன, கொப்பரை நான்கில் நுழைந்தது, அண்டா மட்டும் அசையவில்லை. எங்கேயோ இடித்துக்கொண்டிருந்த பழைய வீட்டிலிருந்து, என் கணவர் தினமும் அலுவலகப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் செங்கல் சுமந்து வந்தார். மினிபஸ்ஸில் ஒரு பெரியவர், இவர் நிற்கிறாரே என்று பரிதாபப்பட்டுப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம். வைத்த வேகத்தில் "ஓ மா!" என்று அலறிவிட்டாராம். காலுக்கு ஆறு ஆன அன்று அண்டா உள்ளே போனது. மாஷிமா மேலே வந்து பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் கீழ் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் தன்னையும் அதில் ஏற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

எனக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறந்ததிலிருந்து அடுத்தவர் வைத்த இடத்திலேயே கிடக்கும் சாமான்களோடு வாழ்ந்தவள் நான். இங்கே ஒரு கரண்டி எங்கே இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் திருச்சியிலிருந்து அப்பாவின் போன். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான்தான் கூப்பிடுவேன். அன்று அவர் மாஷிமா வீட்டு நம்பருக்கே கூப்பிட்டுவிட்டார்.

"வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன். வீடு சரியில்லன்னா உன்னையக் கூட்டிட்டு வந்துடுவேன். குவார்ட்டர்ஸ் கெடைக்கட்டும், அப்புறம் அனுப்பறேன்."

"அதெல்லாம் வேணாம்ப்பா. வீடு நல்லாத்தான் இருக்கு."

"திரும்பறதுக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குவார்ட்டர்ஸ் எப்போது கிடைக்கும் என்று அந்த அலுவலகத்துக்கே தெரியாது. போனால் போனதுதான். அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கக் கட்டடங்களைச் சுற்றி வந்து 'தேறாது' என்று சொன்னவர். என் கணவரோ மாமனார் குரலைக் கேட்டாலே எழுந்து நிற்கிற ஆள். ஆக, என் குடித்தனம் நிலைக்குமா நிலைக்காதா என்பது அந்த அறையைத்தான் நம்பியிருந்தது.

அப்பா வந்தார். செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாகக் குனிந்து செங்கற்களைத் தட்டிப் பார்த்தார்.

"சிமெண்ட் இல்ல, ஒண்ணும் இல்ல. எவன் சொன்னான் இப்பிடி அடுக்கச் சொல்லி?"

"நான்தான் மாமா" என்றார் என் கணவர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்போல.

"தூக்குநூல் விட்டாப்ல நேரா இருக்கு" என்றார் அப்பா. பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

அப்பாவுக்குக் கட்டில், எங்களுக்குத் தரை என்பது என் திட்டம். அவர் ஸ்டூலில் ஏறி, மூட்டுவலியோடு முக்கி முனகிக் கட்டிலில் உட்கார்ந்தார். நிமிர்ந்தார். தலைக்கு மேல் ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். உட்கார்ந்தவாக்கிலேயே படுத்து, படுத்தவாக்கிலேயே உருண்டு, என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இது கட்டில் இல்ல, பரண். நான் கீழயே படுத்துக்கறேன்."

நாங்கள் சுருண்டு படுத்துச் சமாளித்திருப்போம், காலை நீட்டிப் படுக்க அவருக்குக் கீழே எங்கே இடம்? கதவு திறக்கிற அளவுக்குத்தான் தரை மிச்சம். அங்கே படுத்தால் காலையில் பால்காரன் கதவைத் தட்டும்போது அப்பாவையும் சேர்த்துத் தள்ள வேண்டும். மூவரும் ஒரே நேரத்தில் கட்டிலுக்கு அடியில் பார்த்தோம்.

அண்டாவையும் தவலையையும் வெளியே இழுத்து மாடிப்படித் திருப்பத்தில் வைத்தோம். அப்பா பாயோடு உள்ளே போனார். ஒரு புறம் குடங்கள், மறுபுறம் குத்துவிளக்குகள், நடுவில் அப்பா. ஏதோ சன்னதிபோல இருந்தது.

மறுநாள் அவர் பல் தேய்க்கப் போனவர் மாடிப்படியிலிருந்து கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் பெயரும் என் பெயரும் வெட்டிய அண்டாவில் தண்ணீர் நிரம்பியிருந்தது. அதில் கறுப்புக் கறுப்பாக மாகுர் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று உயிரோடு வாங்கிய மீனை விட்டுவைக்க, மாஷிமாவுக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடைக்கவில்லை. நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவம்.

"சீர் அண்டாம்மா இது!" என்றார் அப்பா.

மாஷிமா அவரைப் பார்த்து மலர்ந்து சிரித்தார். "ரொம்ப நல்ல அண்டா. மீன் ஒன்றுகூடச் சாகவில்லை" என்றார். அதை நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் நடந்தது வேறு. கல்கத்தாப் புழுக்கத்தில் அந்த வீட்டிலேயே குளுமையான இடம் கட்டிலுக்கு அடிதான். அப்பா ஒரு டேபிள் லாம்ப்பை உள்ளே இழுத்துக்கொண்டார், பிறகு டிரான்சிஸ்டரை, பிறகு ஆங்கிலப் பேப்பரை. மாஷிமா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து டீயை உள்ளே தள்ளுவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புது மாடி கட்டுவதற்கு யோசனை கேட்டு வந்தார். விரிப்பைத் தூக்கி, குப்புறப் படுத்து, வரைபடத்தை நீட்டினார். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் இங்கிலீஷில் வந்தது: "பீம் போதாது." வந்தவர் பயபக்தியோடு எழுந்து போனார்.

இவ்வளவும் நடக்கும், ஆனாலும் தினமும் அடியிலிருந்தே சொல்வார்: "மனுசன் இருக்கற எடமா இது? துணியெல்லாம் எடுத்து வச்சுக்க." டிக்கெட் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஹௌரா ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியும் நான் ஒரு துணியைக்கூட எடுத்து வைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. என் கணவர் அலுவலகத்தில் இருந்தார். நான் கட்டில்மேல் மல்லாந்து, நின்றுபோன ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கீழே. அடக்கிவைத்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நான் வரல. இழுத்துட்டுப் போனாலும் வரமாட்டேன். எடம் பத்தாதுன்னு சொல்லி என்னையக் கூட்டிட்டுப் போகாதீங்க. அந்த எடத்தை அடைச்சிருக்கறதெல்லாம் நீங்க குடுத்ததுதான்!"

கீழே டிரான்சிஸ்டரை நிறுத்தும் சின்ன ஒலி கேட்டது. எழுந்து இறங்கப் போனேன்.

"எறங்காதம்மா. அங்கயே இரு" என்றார். "மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச வராது."

படுத்துக்கொண்டேன்.

"திருச்சி வீட்டுல மூணு ரூம். உங்கம்மா போனப்ப நீ இருந்த. இப்ப நீயும் இல்ல. சாயங்காலம் ஆனா எல்லா ரூம்லயும் லைட்டப் போட்டு வச்சுட்டு ஹால்ல உக்காந்திருக்கேன். இங்க மேல நீங்க ரெண்டு பேரும் பொரண்டு படுத்தா கட்டில் கிரீச்சுங்குது. அதக் கேட்டுட்டே தூங்கிப்போயிடறேன். உனக்கு எடம் பத்தலன்னு நான் வரலம்மா. எனக்குத்தான் எடம் ரொம்ப இருக்கு."

நான் அழுதேன். அவர் கேட்டிருப்பார்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும், அப்பா சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "மாப்ள, ஒரு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க. அவ இங்கயே இருக்கட்டும்." என் கணவர் நின்ற நிலையில் வாங்கிக்கொண்டு, சட்டையைக்கூட மாற்றாமல் ஓடினார்.

திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கவுண்டரில் "இரண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மாமனார் சொன்ன வேலை கெட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் இவர் பலமாகத் தலையாட்டியிருக்கிறார்.

"ரெண்டும் போயிடுச்சு மாமா" என்றார், கட்டிலுக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டு.

உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அப்பாவின் கோபம் எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு குடம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.