ஒரு சாண் ஆழம்

எங்கள் மாட்டுக் கொட்டத்தில் குறுக்குவிட்டமாக ஒரு பூவரசங்கால் கிடக்கிறது. இப்போது அதில் தும்புக் கயிறும் ஓட்டைச் சாணிக்கூடையும் தொங்குகின்றன. மரம் புகையேறிக் கறுத்துவிட்டது. பட்டை இன்னும் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கு முனையில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை இல்லை. அது மண்ணுக்குள் இருந்த பாகம். ஈரத்தில் ஊறிப் பட்டை கழன்று, அந்த இடம் மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் அதைக் கவனித்ததில்லை. பால் கறக்க நான் உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே இருப்பதால், இத்தனை வருடங்களாக நான் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அது என் நாத்தனார் போட்ட நாற்றுப் பந்தலின் முகப்புக் கால். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். கோம்பையில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் பேதியில் போன பிறகு, அங்கே கொழுந்தன்மார் வீட்டில் நாலு வருடம் சாணி அள்ளியும் சோறு வடித்தும் கிடந்துவிட்டு, ஒருநாள் கட்டிய சேலையோடு நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் மருமகளாக நுழைந்தபோது அவர்தான் எங்கள் அடுப்படியில் இருந்தார். எனக்குப் பதினெட்டு வயது; அவருக்கு முப்பதுக்கு மேல் இருக்காது. வெள்ளைச் சேலைக்குள் இருந்த உடம்பு ஒடிசலானது. கைகள் மட்டும் மண்வெட்டி பிடித்தவன் கைகள் போல இருக்கும். அவற்றைச் சும்மா வைத்திருக்க அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் குச்சனூருக்கும் நடுவில் இருக்கிறது. ஆனி பிறந்துவிட்டால் மேற்கு மலைக் கணவாயைத் தாண்டி இறங்குகிற காற்று பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் ஓடும். ஆடியில் கொடியில் சேலை காயப்போட்டால், அடுத்த ஊரில் போய் யார் உடுத்தியிருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்று எங்கள் பெண்கள் கேலி பேசுவார்கள். அந்தக் காற்றில் மிளகாய் நாற்று வளர்ப்பது லேசான காரியமில்லை. ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்து நடவுக்கு எல்லோரும் தயாராகும்போது, பாதிப் பேருடைய நாற்று காய்ந்து சுருண்டிருக்கும். அந்த நேரத்தில் விற்பதற்குத் தெம்பான நாற்று கையில் வைத்திருப்பவள் யாருடைய அடுப்படியிலும் நிற்க வேண்டியதில்லை என்று நாத்தனார் கணக்குப் போட்டார்.

யோசனை வண்டிக் கூண்டிலிருந்து வந்தது. மாட்டு வண்டிக் கூண்டைப் போல மூங்கிலைப் பிளந்து வாய்க்காலில் ஊறப்போட்டு, வில்லாக வளைத்து, இரண்டு முனையையும் மண்ணில் ஊன்றி, ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் ஒரு கை இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தினார். மேலே கோரைப் பாய். "அக்கா பெரிய வண்டியாக் கட்டுறாக, மாட்டத்தான் காணோம்" என்று வாய்க்காலுக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். முதல் வருடம் அவர்கள் சிரித்தது சரியாகத்தான் போனது. ஆடி பிறந்த நாலாம் நாள் அந்தக் கூண்டு எழும்பிப் போய்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் மல்லாந்து கிடந்தது. நாத்தனார் அழவில்லை. வளைவுகள் இருந்த குழிகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குழிக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, நான் காத்து தள்ளும்னு நெனச்சு முட்டுக் குடுத்துட்டேன். அது தள்ளலை, தூக்குது. தூக்குறதுக்கு முட்டு எதுக்கு? மண்ணுக்குள்ள பிடி வேணும்ல" என்று என்னிடம் சொன்னார்.

மறு வருடம் அந்தப் பிடியைத்தான் செய்தார். ஒவ்வொரு வளைவின் காலடியிலும் வேலமர முளையைச் சாய்வாக அடித்து, கற்றாழை நார்க் கயிற்றால் கட்டினார். நாலு மூலையிலும் இரண்டு முழத்துக்குக் குழி வெட்டி, அடியில் ஆட்டுக்கல் பருமனுக்கு ஒரு கல்லைக் குறுக்கே படுக்கப்போட்டு, அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே எடுத்து, மண் போட்டுத் தண்ணீர் விட்டு மிதித்து இறுக்கினார். நான் அந்தக் கயிற்றைப் பிடித்து முழுப்பலத்தோடு இழுத்துப் பார்த்திருக்கிறேன். கை எரிந்ததே தவிர, மண்ணில் ஒரு சிறு அசைவுகூட இல்லை.

அந்த வருடம் அவருக்கு வேறு வழியும் இல்லை. கோம்பையிலிருந்து, எங்கள் வீட்டு மனுசியை அனுப்பி வையுங்கள் என்று இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது. வேலைக்கு ஆள் குறைந்திருக்கும். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். "இந்த வருசம் நாத்து நின்னுச்சுன்னா வாய்க்கா ஓரத்துத் துண்டு ஒனக்குத்தான் அக்கா. அங்கனயே ஒரு குச்சுப் போட்டு இருந்துக்க, எவன் கேக்குறான்னு பாக்குறேன். நிக்கலைன்னா நான் என்னத்தச் சொல்லி அவுகள நிறுத்துவேன்?" என்றார். நாத்தனார் சரி என்று தலையசைத்துவிட்டு நார் முறுக்கப் போய்விட்டார்.

இங்கேதான் நான் வருகிறேன். எதுவானாலும் பந்தல் பந்தல்தானே என்றார் மாமியார். பந்தல் என்றால் முதல் காலைச் சுமங்கலி நட வேண்டும். தாலி இழந்தவள் அதைத் தொடக்கூடாது. நாத்தனார் ஒதுங்கிக்கொண்டார். தண்ணீர் எடுக்க வாய்க்கால் மேற்கே இருந்ததால் பந்தலின் வாசலும் மேற்கே. காற்று முதலில் மோதுகிற இடமும் அதுதான். அந்த முகப்புக் கால்தான் முதல் கால். ஆனியில் நல்ல நேரம் பார்த்து, பச்சைப் பூவரசங்காலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, என் கையில் கொடுத்தார்கள். கல்யாணப் பந்தலுக்கு எப்படி நடுவோமோ அப்படியே நட்டேன். ஒரு சாண் குழி. அதில் நவதானியம், கொஞ்சம் பால். கல்யாணத்தில் அந்தக் கால் எதையும் தாங்குவதில்லை. பந்தலைத் தாங்க வேறு கால்கள் உண்டு. இங்கே வளைவுகளின் உச்சியை இணைத்து ஓடுகிற முகட்டு மூங்கிலின் முனையே அதில்தான் கட்டப்பட்டது. நாத்தனார் தூரத்தில் வரப்பின் மேல் நின்று குழியின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கு எனக்கு இன்றும் தெரிகிறது.

அன்று மாலையே, அதைப் பிடுங்கி ஆழமாக நடலாமா என்று தம்பியிடம் கேட்டார். "நட்ட காலப் பிடுங்குறதா? நல்லாருக்கு பேச்சு" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கூலியாட்களும் பால் ஊற்றிய குழியில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். இதற்கிடையில் அந்தக் கால் துளிர்த்துத் தொலைத்தது. பச்சை மரம், வாய்க்கால் ஈரம், துளிர்க்காமல் என்ன செய்யும்? எனக்கு அப்போது தலைச்சன் பிள்ளை வயிற்றில் மூன்று மாதம். மாமியார் அந்த இரண்டு இலையைப் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்: "மருமக நட்ட காலு துளுத்துருச்சு, எங்க குடும்பமும் துளுத்துருச்சு." அதற்குப் பிறகு அந்தக் காலைத் தொடச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

நாத்தனாருக்கு வந்தது. ஆடி முதல் சனிக்கிழமை எல்லோரும் குச்சனூர்க் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வண்டி குலுக்கல் ஆகாது என்று என்னை வீட்டில் விட்டிருந்தார்கள். பந்தலுக்குள் நாற்று விரல் உயரம் வந்து, பச்சைப் பசேலென்று இருந்தது. நாத்தனார் கடப்பாரையைக் கொண்டுவந்து என் முன்னால் சாத்தினார். அவர் கெஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை, அன்றுதான் கேட்டேன்.

"ஆத்தா, எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாக. நீ நட்டதுதான, நீயே எடுத்து ரெண்டு முழம் எறக்கிரு. மண்ணு எளக்கமாத்தான் இருக்கு, அரைநாழியில வெட்டிரலாம். நான் அங்கன வரமாட்டேன், ஏங் கண்ணுகூடப் படாது. வேற யாருட்டயும் கேக்க முடியலத்தா."

நான் போனேன். காலுக்கு முன்னால் நின்றேன். இரண்டு இலை ஆறு இலை ஆகியிருந்தது. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் நிஜம். அதை மட்டும் சொல்லி முடித்தால் நான் பொய்க்காரி. இவர் கோம்பைக்குப் போய்விட்டால் அடுப்படியும் சாவிக்கொத்தும் என் கைக்கு வரும் என்ற நினைப்பும், எலி மூக்கை நீட்டுகிற மாதிரி, ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்தது. நான் அதை விரட்டவில்லை. காலைச் சுற்றிக் கடப்பாரையால் மேல்மண்ணைக் கொத்திக் கிளறி, தண்ணீர் தெளித்து, புதிதாக நட்டது போல மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"எறக்கிட்டேன் மதினி" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொப்புளம் இல்லாதது தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் காற்று வந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கல் கட்டிய மூலைகள் இம்மியும் அசையவில்லை. வேலமர முளைகள் அப்படியே இருந்தன. முகப்புக் கால் மட்டும் கழன்று முகட்டில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அந்த வாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்து, பாய்களைக் கிழித்து, வளைவுகளை ஒவ்வொன்றாக முறித்தது. அடியில் பிடி இருந்ததால் பந்தல் பறந்து போகவும் இல்லை. இருந்த இடத்திலேயே மூங்கில்கள் எழும்பி எழும்பி நாற்றின் மேல் அடித்தன. போன வருடம் போல முழுசாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்கூடப் பாதி நாற்று தேறியிருக்கும். அவர் போட்ட பிடிதான் அவர் நாற்றைக் கொன்றது.

காற்று கொஞ்சம் தணிந்ததும் நாத்தனார், முகட்டிலிருந்து அறுந்து கீழே விழுந்து கிடந்த அந்தக் கால் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதன் அடியில் ஈரமண் ஒட்டியிருந்தது. ஒரு சாண். அதற்கு மேல் மஞ்சள் பூச்சு மங்காமல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

மாமியார் பின்னால் ஓடிவந்து, "காலு எப்படிடீ சாஞ்சுச்சு? நீ என்னமும் பண்ணுனியா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நாத்தனார் உட்கார்ந்தபடியே, "அவ ஒண்ணும் செய்யல. நாந்தான் தொட்டேன். ஆழம் பத்தாதுன்னு அசச்சுப் பாத்தேன்" என்றார்.

அதோடு முடிந்தது. தொடக்கூடாதவள் தொட்டாள், கால் சாய்ந்தது. ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி நட்ட காலைத் தொட்டாளே பாவி என்று மாமியார் பெற்ற மகளைத் தெருவில் நின்று ஏசினார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆடி முடிவதற்குள் நாத்தனார் கோம்பைக்குப் போனார். வண்டியில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "முருங்கைக்கீரை நெறையச் சேத்துக்கத்தா, வயித்துப்பிள்ளைக்கு நல்லது" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. வண்டி தெருமுனை திரும்பும்வரை இருந்தது.

அதன் பிறகு அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். என் மகனுக்கு இரண்டு வயது. கோம்பையில் கொழுந்தன்மார் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாய்க்கா ஓரத்துல என்ன போட்டிருக்கீக?" என்று கேட்டார். சும்மாதான் கிடக்கிறது என்றேன். "கல்லு நாலும் உள்ளதான் கெடக்கும், உழுகும்போது கொழு மாட்டிரும், பாத்துக்கங்க" என்றார். மறு வருடம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சாவுக்குக் கூண்டு வண்டியில் போனோம். வழி முழுக்க அந்த மூங்கில் வளைவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல இனி ஆள் இல்லை என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மரம் விறகுக்குப் போகக்கூடாது என்று என் வீட்டுக்காரர் பிறகு அந்தக் காலை எடுத்துக் கொட்டத்தில் போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே போய்விட்டார்.

இன்று காலை பேத்தி கல்யாணத்துக்கு எங்கள் வாசலில் பந்தக்கால் நட்டார்கள். என் மருமகள் நட்டாள். நான் தாலி இழந்து ஆறு வருடமாகிறது. சொல்லாமலே நான் கொட்டத்துப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். கூட்டம் கலைந்த பிறகு மருமகள் இந்தப் பக்கம் வந்தாள். "ஆழமா நட்டியாத்தா?" என்று கேட்டேன். "ஆழமாத்தான் நட்டுருக்கேன் அத்தை" என்றாள். அவள் கையில் மஞ்சள் இருந்தது, மண் இல்லை. சரி என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் போன பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு அதன் மேல் ஏறி, விட்டத்தில் பட்டை இல்லாத அந்த முனையில் கையை விரித்து வைத்தேன். என் கை இப்போது சுருங்கிவிட்டது. ஆனாலும் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை சரியாக இருந்தது. அன்றைக்கு நாத்தனார் என் கையைத் திருப்பிப் பார்க்காமல் விட்டது நம்பியதாலா, தெரிந்தேதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.